ஓநாய் வீட்டு வாசலில் கழற்றிய சப்பாத்து

ஓநாயாக நடிப்பது இலேசான வேலை இல்லை, பிள்ளைகளே. முழங்கால் நோகும். கார்பெட் உள்ளங்கையை அரிக்கும். கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, சோபாவில் ஆடாமல் அசையாமல் இருக்கும் ஒரு சிறுமியின் காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாக மூச்சு விடவேண்டும். அவள் சிரித்துவிட்டால் ஓநாய் திரும்பிப் போய்விட வேண்டும். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போய், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க நான் வேலையால் வந்து கையைக் கழுவியதும் இந்த இரண்டாவது வேலை எனக்காகக் காத்திருந்தது.

"அப்பா, ஓநாய் இருமாது."

"இது தடிமன் பிடிச்ச ஓநாய், மகள்."

"சீரியஸா செய்யுங்கோவன்!"

சீரியஸாகத்தான் செய்தேன். காரணம் இருந்தது. என் மகளுக்குப் பத்து வயது ஆகப்போகிற நேரம் அது. பத்து வயது நிரம்பிய பிள்ளைகளை, பெரியவர் ஒருவர் கூட வந்தால், உண்மையான ஓநாய்களுக்கு நடுவில் உட்கார விடுகிற இடம் ஒன்று இருப்பதை அவள் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஸ்ரௌவ்வில் என்கிற ஊரைத் தாண்டி, புதுவீடுகள் எல்லாம் முடிந்து, சோளத் தோட்டங்களும் முடிந்து, இன்னும் வடக்கே போகவேண்டும். அங்கே கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் சில ஓநாய்களை வளர்க்கிறார்கள். கண் திறக்க முன்னமே எடுத்து, போத்தலில் பால் கொடுத்து, மடியிலேயே தூங்கவைத்து வளர்த்த ஓநாய்கள். அதனால் மனிதரைக் கண்டால் அவை பயந்து ஓடுவதில்லை. அதற்காக நாயைப்போலச் சொன்ன சொல் கேட்கும் என்று நினைக்கக்கூடாது. இரு என்றால் இருக்காது. வா என்றால் வராது. மனிதரோடு பழகிய ஓநாய்தான், மனிதர் பழக்கிய ஓநாய் இல்லை. ஓநாய் என்றால் உண்மையில் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மற்றவர்களும் கிட்ட இருந்து பார்த்துப் படிக்கட்டும் என்றுதான் அந்த இடத்தை நடத்துகிறார்கள்.

அங்கே ஒரு முக்கியமான சட்டம் இருக்கிறது. நீங்கள் ஓநாயிடம் போகக்கூடாது. கூப்பிடவும் கூடாது. மரக்குற்றியில் சும்மா இருக்கவேண்டும். விருப்பம் வந்தால் ஓநாய் தானாக வரும். வராவிட்டால் வராது.

என் மகளுக்குப் பிடித்தது அந்தச் சட்டம்தான்.

எங்கள் வீடு ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம், உயரமான ஒரு தொடர்மாடியில். எங்கள் மாடியிலேயே அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். அந்தக் கோடையில் அந்தக் குடும்பம் விட்பியில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட இடைவேளைகளில் மகள் வேலிப் பக்கமாக நிற்பாள். அவளாகப் போய் ஒருவரோடும் கதைக்கமாட்டாள். அவளிடம் வந்தும் ஒருவரும் கதைப்பதில்லை. அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. மதிய வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து நானே கண்டேன். சிவப்புத் தொப்பியோடு ஓர் உருவம். பஸ் போய்விட்டது.

ஒருநாள் கேட்டேன். "அங்க போய் என்ன பார்க்கப் போறாய், மகள்? ஓநாயை மிருகக்காட்சிச் சாலையிலயும் பார்க்கலாம்தானே."

"பார்க்கிறதுக்கு இல்லையப்பா. அது என்னட்ட வரவேணும்."

"கூப்பிட்டா வராதாமே?"

"கூப்பிட்டு வாறது வேற. நான் ஒண்டும் செய்யாமல் சும்மா இருக்க, அதுவா வரவேணும். வந்து என்ர முகத்தை மணக்கவேணும்."

"வராட்டி?"

அவள் என்னைப் பார்க்காமல் கார்பெட்டைப் பார்த்தாள். "வரும்," என்றாள்.

பிறகுதான் நான் ஓநாயாக நடிக்க ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் இதற்கு ஆதரவு குறைவு. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், பத்தாவது பிறந்தநாள் என்றால் பெரிய ஹோல் எடுத்து, சனம் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்யவேண்டும் என்ற கட்சி. நான் வேலை செய்கிற ரேக்கவுட் சாப்பாட்டுக் கடைக்கே வந்து, கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"என்ன மச்சான், ஓநாய்க்குப் பிள்ளையைக் காட்டப் போறியாம்?"

"பிள்ளைக்கு ஓநாயைக் காட்டப் போறன்."

"ரெண்டும் ஒண்டுதான். பசிச்ச ஓநாய்க்கு வித்தியாசம் விளங்காது. ரெண்டு ரோல்ஸ் சூடாத் தா."

மனைவிக்கு வேறு கவலை. மணமான பொருள் ஒன்றும் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று அங்கிருந்து சொல்லியிருந்தார்கள். ஓநாயின் மூக்கு நம் மூக்கைப்போல இல்லை. நமக்கு மணமே வராத இடத்தில் அதற்குப் பத்துக் கதை தெரியும்.

"பவுடர் இல்லை, சென்ட் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை," என்றாள் மனைவி. "பிறந்தநாளும் அதுவுமா பிள்ளை பரதேசி மாதிரி வெளிக்கிடப் போகுது. ஏன், ஓநாய் குளிச்சிட்டோ நிக்கும்?"

"நீங்களும் வாங்கோவன் அம்மா," என்று மகள் கேட்டாள்.

"சனிக்கிழமை எனக்கு வேலை, செல்லம். வேலை இல்லாட்டியும் நான் கார்க் கண்ணாடியை ஏத்திப்போட்டு உள்ளுக்கதான் இருப்பன்."

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஆகவே நானும் மகளும் மட்டும் போவதென்று முடிவானது. மகள் எங்கள் இரண்டு பேரின் குளிர்கோட்டையும் ஒரு கிழமை முன்னமே எடுத்துப் பல்கனியில் தொங்கவிட்டாள். கறிமணம் போகவேண்டுமாம். காற்றில் அந்த இரண்டு கோட்டும் கையை வீசிக்கொண்டு, வானத்தில் நடக்கப் பழகுகிறவர்கள்போல ஆடின.

நாங்கள் போன சனிக்கிழமை காலை முழுக்கப் பனிப்புகாராய் இருந்தது. ஹைவேயை விட்டு இறங்கியதும் முன்னால் போன காரின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதுவும் ஒரு முடக்கில் திரும்பிப் போய்விட்டது. வெள்ளைக்குள் இருந்து மேப்பிள் மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மஞ்சளாய், செம்மஞ்சளாய் எங்கள் பக்கம் மிதந்து வந்து, ஜன்னலைத் தொடுவதுபோல் நின்று, பின்னால் கரைந்தன. கார் ஓடுகிறதா, மரங்கள்தான் ஓடுகின்றனவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மகள் பின்சீற்றில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மரக்குற்றியில் இருப்பவள்போல இருந்தாள்.

"மகள், மூச்சு விடுறியோ?"

"பிரக்டீஸ் பண்ணுறன் அப்பா."

அந்த வீட்டுப் பெண்மணி கேற்றடியில் நின்றார். நரைத்த பின்னல், முழங்கால்வரை சேறு. கணவர் உயரமானவர், அதிகம் பேசாதவர். அவர் கையில் ஒரு வாளி இருந்தது. பெண்மணி பேசியது ஆங்கிலத்தில். எனக்குப் பாதி விளங்கும். மீதியை மகள் சொல்லுவாள்.

அவர் எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார். மகளின் தோட்டைக் கழற்றச் சொன்னார். என் கழுத்துத் துண்டை வாங்கி வைத்தார். தொங்குவது எதுவானாலும் ஓநாய்க்கு விளையாட்டுச் சாமானாம். பிறகு சொன்னார்: ஓநாயின் கண்ணையே முறைத்துப் பார்க்கவேண்டாம். தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோக வேண்டாம். அது முகத்தை மணந்தால் பின்னுக்கு இழுக்கவேண்டாம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே இருங்கள். அது எதையாவது வாயில் எடுத்துவிட்டால் பறிக்கவேண்டாம். ஓநாய் வாய்க்குள் போனது ஓநாயுடையது.

மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் அவளுக்கு முதலே மனப்பாடம்.

கம்பிவேலிக்கு இரண்டு கேற்றுகள். வெளிக்கேற்றைப் பூட்டிவிட்டுத்தான் உள்கேற்றைத் திறப்பார்கள். உள்கேற்றின் கொளுக்கியில் கையை வைத்தபடி அந்தப் பெண்மணி திரும்பி, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இனி இது அவையின்ர வீடாம் அப்பா. நாங்கள் விசிற்றர்ஸாம். அந்த மரியாதையோட வரட்டாம்."

கேற் திறந்தது. அவர் ஓநாய்களைப் பார்த்தபடி முன்னால் போனார். மகள் அவர் பின்னால். நான் கடைசி. கணவர் வாளியோடு வேறு பக்கம் போய்விட்டார்.

பிள்ளைகளே, வீடு என்ற சொல் காதில் விழுந்தால் என் தலையிடம் கேட்காமலே என் கால் ஒரு வேலை செய்யும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டு கையிலும் சாமான் இருந்தாலும், ஒரு குதிகாலால் மற்றச் சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்து, காலை உருவி, பிறகு மற்றதையும் உருவி, சோடியாக ஓரத்தில் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவோம். கதைத்த கதையும் நிற்காது. நானும் அப்படியே செய்தேன். உள்கேற்றைத் தாண்டியதும் இரண்டு சப்பாத்தையும் வேலியோரம் சோடியாக வைத்துவிட்டு, வெறும் கால்மேசோடு உள்ளே நடந்தேன். பைன் மரத்து ஊசியிலைகள் ஈரமாகக் குத்தின. இது என்ன வீட்டு நிலம் என்று நினைத்தேனே தவிர, என்ன செய்துவிட்டேன் என்று நினைக்கவில்லை. ஒருவரும் காணவும் இல்லை.

மரக்குற்றியில் மகள் இருந்தாள். நான் இரண்டு முழம் தள்ளி, பின்னால் இன்னொரு குற்றியில்.

புகாருக்குள் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மரத்தின் அடி அசைந்தது. மரம் நின்ற இடத்திலேயே நிற்க, சாம்பல் நிறமாய் ஒரு துண்டு அதிலிருந்து பிரிந்து வந்தது. பெண் ஓநாய். கால்கள் நிலத்தில் படுகிற சத்தமே இல்லை. தண்ணீரில் இலை வருவதுபோல், நேராக வராமல், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஒழுகி வந்தது. அதற்குப் பின்னால், மரங்களுக்கு இடையில், கறுப்பாய் இன்னொன்று நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆண்.

நான் நடித்தது எவ்வளவு பிழை என்று அப்போது தெரிந்தது. நான் ஒரு சிறுமியை நோக்கிப் போகிறவனாக நடித்தேன். இது எங்கேயும் போகவில்லை. உலகம் முழுக்க மணந்துகொண்டு வந்தது. வருகிற வழியில் என் மகளும் இருந்தாள், அவ்வளவுதான்.

கிட்ட வந்தது. மஞ்சள் கண். நெற்றியில் பனித்துளிகள். மகள் கண்ணைத் தாழ்த்தினாள். அவளின் சிவப்புத் தொப்பியின் ஓரம் மட்டும் மெல்ல நடுங்கியது. கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் ஓநாய் நின்றது. மூக்கை நீட்டியது.

அப்போது காற்றுத் திரும்பியது.

ஓநாயின் மூக்கு மேலே போனது. ஒரு காது பின்னால் சாய்ந்தது. என் மகளை ஒரு தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு, என்னையும் தாண்டி, நேரே கேற்றடிக்குப் போனது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு சோடிச் சப்பாத்துத்தான். அதே சப்பாத்தோடுதான் ரேக்கவுட் கடைக் குசினியிலும் நின்று மட்டன் ரோல்ஸ் செய்வேன். எத்தனையோ மாதத்து எண்ணெயும் ஆட்டிறைச்சியும் கறுவாவும் பெருஞ்சீரகமும் அதன் தோலுக்குள் குடியிருந்தன. கோட்டுகள் ஒரு கிழமை பல்கனியில் காற்று வாங்கின. சப்பாத்தைப் பல்கனிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

ஓநாய் சப்பாத்தை மணந்தது. திகைத்ததுபோல் நின்றது. பிறகு ஒரு கன்னத்தை மெதுவாக அதன்மேல் வைத்துத் தேய்த்தது. மற்றக் கன்னம். கழுத்து. தோள். அப்படியே சரிந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்க, என் சப்பாத்தின் மேல் உருண்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவ்வளவு சந்தோசமான ஒரு முகத்தை நான் ஹோல் விழாக்களிலும் கண்டதில்லை.

பெண்மணி என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். "அசையவேண்டாம்," என்று மெதுவாகச் சொன்னார்.

ஓநாய் எழும்பி, உதறி, ஒரு சப்பாத்தைக் குட்டியைத் தூக்குவதுபோல் கவனமாக வாயில் எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனது. கறுப்பு ஓநாய் அதன் பின்னால் போனது.

அதோடு முடிந்தது. ஓநாயிடம் ஒரு பொருள் இருக்கும்போது ஆட்கள் உள்ளே நிற்கக்கூடாது. மகள் குற்றியில் இருந்து எழும்பி, நாங்கள் வந்த வழியே வெளியே நடந்தாள். மீதமிருந்த மற்றச் சப்பாத்தைக் கணவர் எடுத்து என்னிடம் தந்தார்.

வெளியில் நின்று மகள் கேட்டாள். "ஏனப்பா கழட்டினீங்கள்?"

"வீடு எண்டு சொன்னாவெல்லோ."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். தமிழில் அதை எனக்குச் சொன்னது அவள்தான். என் காலைப் பார்த்தாள். "மேஸ் ஓட்டையால பெருவிரல் தெரியுது," என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். உதடு கோணியது. திரும்பிக்கொண்டாள்.

பெண்மணி ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டார். மகள் அந்தப் பக்கம் பார்த்தபடியே ஆங்கிலத்தில் விளக்கினாள். கேட்டுவிட்டு அவர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இவ்வளவு காலமா எல்லாருக்கும் அவையின்ர வீடு எண்டு சொல்லுறாவாம்," என்றாள் மகள் உயிரில்லாத குரலில். "நீங்கள் ஒராள்தான் நம்பினீங்களாம்."

சப்பாத்தைத் திருப்பி வாங்குவது பெரிய கதை. கணவர் வாளியில் இருந்து ஒரு பெரிய இறைச்சித் துண்டை எடுத்து, வேலிக்கு உள்ளே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். பெண் ஓநாய் வந்து பார்த்தது. இறைச்சியைப் பார்த்தது, சப்பாத்தை நினைத்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. நாங்கள் எல்லாரும் வேலிக்கு இப்பால் நின்று, அது எதை முடிவெடுக்கப் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு ஓநாய் அதைவிடப் பெரியது. ஆனாலும் அது சப்பாத்தைப் பறிக்க வரவில்லை. பக்கத்தில் நின்று, இதன் கழுத்தையும் தோளையும் ஆறுதலாக மணந்துகொண்டு நின்றது. எங்காவது புதுமணம் கண்டால் ஓநாய் அதில் உருண்டு, உடம்பில் ஏற்றிக்கொண்டு போய் மற்ற ஓநாய்களுக்குக் காட்டும் என்று பெண்மணி சொன்னார். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.

கடைசியில் இறைச்சி வென்றது. சப்பாத்து ஈரமாய், நாக்கில்லாமல் திரும்பி வந்தது. இதற்கே மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தப் பெண்மணி மகளுக்கு முன்னால் குந்தினார். இந்த முறை அவளோடு மட்டும் கதைத்தார். கதைத்து முடிய மகள் என்னிடம் வந்தாள்.

"பின்னேரம் இன்னொருக்கா உள்ள விடுறாவாம். கொஞ்ச நேரம்தான். ஆனா அது இப்ப வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுது. விளையாடியும் முடிஞ்சுது. இனி ஒருத்தரிட்டையும் வர யோசிக்காதாம். வராது எண்டு நினைச்சுக்கொண்டு வரட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"வெயிட் பண்ணுறம் எண்டு."

காருக்குள் இருந்தோம். புகார் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. மனைவி கட்டித்தந்த சாப்பாட்டுப் பொதிக்குள்ளும் ரோல்ஸ்தான். அதைத் திறக்கக்கூட நாங்கள் துணியவில்லை.

"அப்பா, வராட்டி என்ன செய்யிறது?"

"வராட்டி வீட்ட போவம்."

"எனக்கு அழுகை வரும்."

"வரட்டும். கார் ஓடுறது நான்தானே."

பிறகு அவள் கண்ணாடியில் விரலால் ஏதோ கீறிக்கொண்டு சொன்னாள். "ஸ்கூல்லயும் ஒருத்தரும் வாறேல்ல அப்பா."

"கண்டனான் மகள்."

"எங்க கண்டனீங்கள்?"

"பஸ்ஸில இருந்து."

பின்சீற்றுக்குக் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை குளிர்ந்து போய் இருந்தது.

பின்னேரம் அந்தக் கணவரின் பெரிய பச்சை றப்பர் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு காலுக்குள்ளும் இன்னொரு கால் வைக்க இடம் இருந்தது. உள்கேற்றடியில் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்து, சப்பாத்தைக் காட்டி, விரலை ஆட்டினார்.

புகார் போய்விட்டது. சாய்வான வெயில் மரங்களுக்குள்ளே நீட்டு நீட்டாய் விழுந்திருந்தது. பொப்லர் மரங்களில் இருந்து மஞ்சள் இலைகள் வந்துகொண்டிருந்தன. காற்றே இல்லை. அதனால் ஒவ்வோர் இலையும் தன் விருப்பத்துக்கு இறங்கியது. பெண் ஓநாய் தூரத்தில், ஒரு பைன் மரத்தடியில் படுத்திருந்தது. எங்களைக் கண்டது. தலையைத் தூக்கவில்லை.

மகள் குற்றியில் இருந்தாள். காலையில் இருந்ததுபோல விறைத்து இருக்கவில்லை. காலை கொஞ்சம் நீட்டி, கையை மடியில் போட்டு இருந்தாள். நாங்கள் இருந்தோம். இலை விழுந்தது. எங்கோ ஒரு காகம் ஒருதரம் கத்திவிட்டு, தேவையில்லை என்று நினைத்ததுபோல் விட்டுவிட்டது.

ஓநாய் எழும்பியது.

அது முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. எங்கள் பக்கம் வந்தது. வெயிலுக்குள் வந்தபோது அதன் முதுகு வெள்ளியாய் மாறியது. இன்னும் வந்தது. வா, வா என்று என் உள்ளுக்குள் ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிடக்கூடாது என்று அவனுக்கு எத்தனை தரம் சொல்வது.

வெயில் விழுந்த ஓரிடத்தில் அது நின்றது. மகளுக்கும் அதற்கும் இடையில் ஒரு கார் நிற்பாட்டலாம். நிலத்தை மணந்தது. ஒருமுறை வட்டமாகச் சுற்றியது. இன்னொருமுறை சுற்றியது. அப்படியே மடிந்து படுத்து, வாலை எடுத்து மூக்கின்மேல் போட்டுக்கொண்டது. இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் வாலுக்கு மேலால் மகளைப் பார்த்தன.

மகளின் தோள் இறங்குவதைப் பின்னாலிருந்து கண்டேன். இனி வராது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. கண்ணீர் வந்தால் துடைக்கக்கூட அவள் கையை அசைக்கமாட்டாள் என்றும் தெரியும்.

ஓநாய் அவளைப் பார்த்தது. அவள் நிலத்தைப் பார்த்தாள். நேரம் எவ்வளவு போனதென்று தெரியவில்லை. மஞ்சள் கண்களில் ஒன்று மெல்லச் சிறுத்தது. திறந்தது. மறுபடி சிறுத்தது. பிறகு இரண்டும் மூடின.

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி மெதுவாக முன்னால் போய், மகளுக்குப் பக்கத்தில் குந்தினார். மகளின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவர் குரல் மாறியிருந்தது. மகள் தலையைத் திருப்பாமலே, காற்றாக, எனக்குச் சொன்னாள்.

"நித்திரை அப்பா. உண்மையான நித்திரை. தெரியாத ஆக்கள் உள்ளுக்க இருக்கேக்க இது ஒருநாளும் கண்ணை மூடினதில்லையாம். அவ வளர்த்த காலத்தில இருந்து ஒருநாளும் இல்லையாம்."

"ஓம்," என்றேன். வாய்க்குள்ளேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஓநாயின் விலா ஏறியது, இறங்கியது. ஒரு இலை அதன் தோளில் விழுந்து, மயிரில் தங்கி, விலாவோடு ஏறி இறங்கியது. அதன் பாதம் ஒன்று துடித்தது. எங்கோ ஓடிக்கொண்டிருந்தது போலும். என் மகள் மெல்ல மெல்லத் தலையை நிமிர்த்தி, இப்போதுதான் முதல்முறை, அதை முழுதாகப் பார்த்தாள். கண் மூடியிருப்பதை முறைத்துப் பார்ப்பது குற்றம் ஆகாதே. காதின் ஓரத்தில் இருந்த பழைய கிழிசலையும், மூக்கின் மேலுள்ள நரையையும், பாதங்களுக்கு இடையில் ஒட்டியிருந்த ஊசியிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயில் நகர்ந்து அவள் முழங்காலுக்கு வந்தது. அவளும் ஒரு காட்டுப் பொருள் ஆகிவிட்டதுபோல எனக்குப் பட்டது. குற்றி, சிறுமி, இலை, ஓநாய் எல்லாவற்றையும் அந்தப் பின்னேரம் ஒரேமாதிரித் தொட்டுக்கொண்டு போனது.

பெண்மணி கையைக் காட்டினார். நேரம் முடிந்துவிட்டது.

மகள் எழும்பிய விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில் ஒரு பாதத்தை வைத்தாள். பாரத்தை அதற்கு மாற்றினாள். பிறகு மற்றப் பாதம். ஊசியிலை நொறுங்குகிற இடத்தைத் தவிர்த்து, பாசி உள்ள இடமாகப் பார்த்து மிதித்தாள். அந்தப் பெரிய சப்பாத்துகளோடு நான் ஓர் அடி வைத்ததும் 'பொளக்' என்று சத்தம் வந்தது. ஓநாயின் ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. கண் திறக்கவில்லை. மகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், நான் இன்னொரு அடி வைக்கவே பயந்தேன்.

உள்கேற்றைத் தாண்டினோம். வெளிக்கேற்றையும் தாண்டினோம். கம்பிக்கு இப்பால் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"போவமா, மகள்?" என்று கேட்டேன்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்ஷ். மெதுவா அப்பா. அது எழும்பிடும்."